நெருக்குகிறவர் யார்? – பணித்திருப்தி வினாப்பட்டியல் ஒன்றை வாசித்தல்

1

சென்ற கல்வியாண்டு முடிகிற சமயம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆசிரியர் அறையில் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். துறைத்தலைவர் ஒரு கற்றைத் தாளோடு வந்தார். "பக்கத்து செல்ஃப் ஃபைனான்ஸ் காலேஜ்ல எம்.பி.ஏ. கிளாஸ் எடுக்குற பொண்ணு, பிஎச்.டி. பண்ணுது. எல்லாரும் இத ஃபில்லப் பண்ணி எங்கிட்ட குடுத்துருங்க. சாயங்காலம் வந்து வாங்கிக்குமாம்." கல்லூரி ஆசிரியர்களின் பணி அழுத்தமும் பணித்திருப்தியும் என்பது ஆய்வுத் தலைப்பு. நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். 'முழுவதும் உடன்படுகிறேன்' என்பதில் தொடங்கி 'முழுவதும் மறுக்கிறேன்' என்பதில் முடிகிற, நமக்கெல்லாம் பழகிப்போன அந்த ஐந்து கட்டங்கள்.

எனக்குப் பக்கத்தில் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் நண்பர் உட்கார்ந்திருந்தார். 'எனக்குக் கிடைக்கும் ஊதியம் என் உழைப்புக்குப் போதுமானது' என்ற வாக்கியத்துக்கு நேரே 'உடன்படுகிறேன்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். "என்னய்யா இது?" என்றேன். சிரித்தார். "தாள் ஹெச்.ஓ.டி. கை வழியாத்தான சார் போவுது. பேர் எழுத வேண்டாம்னு போட்டிருக்கு, வாஸ்தவம். ஆனா முதல் பக்கத்துல பாருங்க. ஆண், முப்பத்தெட்டு வயசு, கல்யாணம் ஆனவன், பதினோரு வருஷ அனுபவம், கெஸ்ட் லெக்சரர். இந்த டிபார்ட்மெண்ட்ல அது நான் ஒருத்தன்தான்."

இந்தக் கட்டுரை அந்த டிக்கைப் பற்றியது. அது நாளை கணினிக்குள் 4 என்ற எண்ணாகப் போகும். வேறு நூற்றுக்கணக்கான எண்களோடு கூட்டி வகுக்கப்பட்டு, 'ஆசிரியர்கள் மிதமான திருப்தியுடன் உள்ளனர்' என்று ஓர் ஆய்வேட்டில் உட்காரும். அச்சத்தால் போட்ட டிக், திருப்தி என்று பெயர் மாறி அறிவாகும். இந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது? யாருக்கு இது தேவைப்படுகிறது?

2

எந்தப் பிரதிக்கும் போலவே இந்த வினாப்பட்டியலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது வகுப்பறையில் தொடங்கவில்லை, தொழிற்சாலையில் தொடங்கியது.

அமெரிக்காவில் சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 தொடங்கி 1932 வரை நடந்த ஆய்வுகளை மேலாண்மை படித்த யாரும் அறிவர். தொலைபேசிக்கான ரிலேக்களைப் பூட்டும் பெண் தொழிலாளர் ஐவரைத் தனியறையில் உட்காரவைத்து, வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். தொழிலாளி மீது அக்கறை காட்டினால் உற்பத்தி கூடும் என்பது பாடநூல்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். அந்த ஐவரில் இருவர், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்க மறுக்கிறார்கள் என்று 1928இல் அறையிலிருந்து நீக்கப்பட்டு வேறு இருவர் கொண்டுவரப்பட்டதைப் பாடநூல்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. திருப்தியான தொழிலாளியைக் கண்டுபிடிக்கும் முன் பேசும் தொழிலாளியை வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. அதே தொழிற்சாலையில் 1936இல் ஆலோசகர்களை நியமித்தார்கள். தொழிலாளியின் குறையைக் காதுகொடுத்துக் கேட்பது அவர்கள் வேலை. அதைத் தீர்க்கும் அதிகாரம் மட்டும் அவர்களுக்குக் கிடையாது.

அதற்கு முந்தைய வருஷம், 1935இல், ராபர்ட் ஹாப்பாக் எழுதிய 'பணித்திருப்தி' பற்றிய நூல் வந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் வேலையின்றித் தெருவில் நின்ற காலம் அது. வேலையே இல்லாத காலத்தில் வேலையில் திருப்தியா என்று கேட்டால் என்ன பதில் வரும்? அவர் கேள்வி கேட்டவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். ஆக, இந்தத் துறை பிறந்தபோதே ஆசிரியர்கள் அளவுகோலின் கீழ் வந்துவிட்டார்கள். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் அளித்த ஐந்து கட்ட அளவுகோல் அதற்கு வசதியாக அமைந்தது.

1959இல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய சகாக்களும் ஒரு கோட்பாடு சொன்னார்கள். பிட்ஸ்பர்க் பகுதியில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு அவர்கள் வந்தடைந்த முடிவு இது: சம்பளம், மேற்பார்வை, வேலைச் சூழல் ஆகியவை குறைந்தால் அதிருப்தி வரும், ஆனால் அவை திருப்தியைத் தருவதில்லை, திருப்தி வருவது வேலையின் உள்ளிருந்து, சாதனையிலிருந்து, அங்கீகாரத்திலிருந்து. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இந்தக் கோட்பாடு யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சம்பளம் திருப்தி தராது என்ற அறிவு ஒரு கல்லூரித் தாளாளரின் காதில் எப்படி விழும்?

அழுத்தத்தின் கதை இன்னும் விசித்திரம். 1936இல் மாண்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே எலிகளைக் குளிரிலும் காயத்திலும் மருந்துகளிலும் உட்படுத்தி, எந்தத் துன்பத்துக்கும் உடல் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுகிறது என்று எழுதினார். இதற்கு அவர் பின்னர் பயன்படுத்திய 'ஸ்ட்ரெஸ்' என்பது இயற்பியலில் பொருள்களின் மீதான விசையைக் குறித்த சொல். அதே செல்யே பிற்காலத்தில் அமெரிக்கச் சிகரெட் கம்பெனிகளிடம் நிதி பெற்றார் என்பது, வழக்குகளின் வழியே வெளிவந்த அந்தக் கம்பெனிகளின் ஆவணங்களிலேயே பதிவாகியுள்ளது. இருதய நோய்க்குக் காரணம் சிகரெட் இல்லை, மன அழுத்தம்தான் என்று சொல்ல முடிந்தால் யாருக்கு லாபம் என்று விளக்க வேண்டியதில்லை. காரணத்தைப் பொருளிலிருந்து எடுத்து மனிதனுக்குள் வைப்பது. அந்தச் சொல்லுக்கு இந்த வித்தை ஆரம்பத்திலேயே பழகிவிட்டது.

3

இப்போது நம் ஆசிரியர் அறைக்கு வருவோம். இருபது வருஷத்துக்கு முன்பு எங்கள் அறையில் யாரும் 'ஸ்ட்ரெஸ்' என்று சொல்லிக் கேட்டதில்லை. "நெருக்குறாங்க" என்பார்கள். "புழிஞ்சு எடுக்குறாங்க", "மேல ஏறி மிதிக்கிறாங்க" என்பார்கள். இந்த வினைச்சொற்களைக் கவனியுங்கள். இவற்றில் எல்லாம் ஒரு எழுவாய் ஒளிந்திருக்கிறது. நெருக்குகிறவர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்லப் பயந்தாலும் 'ஆங்க' விகுதி அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்று அதே ஆசிரியர் "ஒரே ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு சார்" என்கிறார். மழை பெய்வது மாதிரி, தலை வலிப்பது மாதிரி, தானாக வந்து தானாக இருக்கிற ஒன்று. நெருக்கியவர் வாக்கியத்தைவிட்டு வெளியேறிவிட்டார்.

வினாப்பட்டியல் இந்த வெளியேற்றத்தை முறைப்படுத்துகிறது. 'என் மேலதிகாரியுடன் என் உறவு சுமுகமாக உள்ளது' என்று ஒரு வாக்கியம். உறவு என்றால் இரண்டு பக்கம் உண்டே, அந்தப் பக்கத்தை யார் அளப்பது? தாளாளருக்கோ முதல்வருக்கோ துணைவேந்தருக்கோ எந்த வினாப்பட்டியலும் போவதில்லை. 'உங்கள் ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்களா?' என்று அவர்களிடம் யாரும் ஐந்து கட்டம் போட்டுக் கேட்பதில்லை. கோடை விடுமுறையில் ஊர் ஊராக அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க அனுப்புவது, ஆள் சேராவிட்டால் சம்பளத்தை நிறுத்துவது இதெல்லாம் 'பணிச்சுமை' என்ற ஒற்றைத் தலைப்பின் கீழ் நாசூக்காக அடங்கிவிடுகிறது.

முதல் பக்கத்துக்கு வருவோம். வயது, பால், திருமணம், கல்வித் தகுதி, அனுபவம், மாத வருமானம். இவைதான் ஆய்வின் மாறிகள். ஆய்வு முடிவில் 'திருமணமான பெண் ஆசிரியர்களிடம் அழுத்தம் அதிகம்' என்று வரும். கூடவே 'குடும்பத்தையும் பணியையும் சமன்செய்யப் பயிற்சி தேவை' என்று ஒரு பரிந்துரை. வீட்டில் சோறாக்காத ஆணுக்குப் பயிற்சி தேவை என்று இதுவரை நான் எந்தப் பரிந்துரையிலும் படித்ததில்லை. திருமணம் பெண்ணின் மாறியாக இருக்கிறது, ஆணின் உழைக்காமை யாருடைய மாறியுமில்லை.

இன்னொரு கேள்வி முதல் பக்கத்தில் இல்லவே இல்லை. சாதி. யாருக்கு ஆய்வு வழிகாட்டி கிடைத்தார், யாருக்கு முதுகலை வகுப்பு தரப்பட்டது, யார் காலம் முழுக்க முதலாமாண்டுப் பொதுத்தமிழ் எடுக்கிறார், தேர்வுப் பணிக்கு யார் பெயர் போகிறது, மதியம் யாருடைய சாப்பாட்டுப் பாத்திரத்தோடு யார் உட்காருகிறார்கள், இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று முதுகுக்குப் பின்னால் யாரைச் சொல்கிறார்கள். ஒரு தலித் ஆசிரியரின் நாள் இவற்றால்தான் ஆகியிருக்கிறது. அளவுகோல் இதைக் கேட்பதில்லை. கேட்காமல் விட்டு, 'சக ஊழியர்களின் ஒத்துழைப்பு எனக்குக் கிடைக்கிறது' என்ற வாக்கியத்தில் அவரும் டிக் போட வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

கடைசியாகச் சராசரி. பத்து ஆசிரியர்களில் நிரந்தரப் பணியில் உள்ள ஐவர் 5 என்றும், தற்காலிகமாக உள்ள ஐவர் 1 என்றும் போட்டால் சராசரி 3. 'மிதமான திருப்தி.' அந்த 3 என்ற எண்ணில் ஒரு மனிதரும் இல்லை. ஒருவரின் 5 இன்னொருவரின் 1 மீது நிற்கிறது என்ற உறவும் அதில் இல்லை. தனித்தனியே பிரித்து அளந்தாலும் இரண்டு குழுக்கள் வேறுபடுகின்றன என்று மட்டுமே சொல்லும். ஏன் இரண்டு குழுக்கள் இருக்கின்றன என்று கேட்காது.

4

அந்த உறவைக் கொஞ்சம் எண்களில் பார்ப்போம். தமிழக அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் வகுப்பெடுக்கிறார்கள். அவர்களுடைய தொகுப்பூதியம் 15,000 ஆக இருந்து, 20,000 ஆகி, பிறகு 25,000 ஆனது. வருஷத்துக்கு 11 மாதம்தான், மே மாதம் கிடையாது. 25,000 என்றே வைத்தாலும் 12 மாதத்துக்குப் பரப்பினால் மாதம் 23,000கூட வராது. அதே அறையில் அதே பாடத்தை எடுக்கும், புதிதாகச் சேர்ந்த நிரந்தர உதவிப் பேராசிரியரின் அடிப்படை ஊதியம் மட்டும் 57,700. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் தனி.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் ஒப்பந்த ஆசிரியர் நியமனம் மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றும், அவருக்குத் தரும் தொகை நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்த மாத ஊதியத்துக்குக் குறையக்கூடாது என்றும் சொல்கின்றன. அப்படியானால் இது எப்படி நடக்கிறது? பெயரை மாற்றிவிட்டால் போதும். 'ஒப்பந்த' ஆசிரியர் என்றால்தானே விதி? 'கௌரவ' விரிவுரையாளர் என்று சொல்லிவிடலாம். 2019இல் இதே மானியக் குழு, இவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் அதிகபட்சம் 50,000 என்று வழிகாட்டியது. அதுவும் இங்கே எட்டவில்லை. 2025 ஜனவரியில் வந்த வரைவு விதிகளில் அந்த 10 சதவீத வரம்பே காணாமல் போயிருந்தது.

கௌரவம் என்ற சொல் எவ்வளவு பொருத்தமாக வந்து உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள். சம்பளத்துக்குப் பதிலாகக் கௌரவம். ஊதியம்கூட இல்லை, சில இடங்களில் 'மதிப்பூதியம்.' மதிப்பு முன்னால் வந்தால் ஊதியம் பின்னால் சுருங்கிவிடும். ஆசிரியப் பணி அறப்பணி என்று செப்டம்பர் 5ஆம் தேதி மேடைதோறும் கேட்கிறோமே, அதன் பொருளாதாரம் இதுதான். குஜராத்தில் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் மாதம் 30,000 ரூபாய்க்கு வருஷக்கணக்கில் உழைத்த வழக்கில், 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதையே தொட்டது. குருவைத் தெய்வமாக்கும் சுலோகத்தைப் பொது நிகழ்ச்சிகளில் சொல்லிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது என்று சொல்லி, உதவிப் பேராசிரியருக்குரிய குறைந்தபட்ச ஊதியத்தை வழங்க உத்தரவிட்டது.

ஆனால் இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருப்தி என்பது முழுக்கப் பொய்யில்லை. என் நண்பர் வகுப்பு முடிந்து வரும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பையன், செய்யுளைத் தானே பிரித்துப் பொருள் சொல்லிவிட்டான் என்று அரைமணி நேரம் என்னிடம் பேசியிருக்கிறார். 'மாணவர்களுக்குக் கற்பிப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது' என்ற வாக்கியத்துக்கு அவர் அடித்த டிக்கில் அச்சம் இல்லை. ஹெர்ஸ்பெர்க் சொன்னது அங்கே பலித்துத்தான் இருக்கிறது. சிக்கல் அதுவேதான். இந்த மகிழ்ச்சி இருப்பதால்தான் அவர் பதினோரு வருஷமாக அந்தத் தொகைக்கு வருகிறார். நிறுவனம் அவருடைய உழைப்பை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, அவருடைய திருப்தியையும் மூலதனமாக எடுத்துக்கொள்கிறது. பணித்திருப்தி எவ்வளவு என்று அளக்கும் ஆய்வு, எவ்வளவு தூரம் இன்னும் பிழியலாம் என்பதற்கான வரைபடமாகவும் ஆகக்கூடும்.

5

நெருக்குகிறவர் வாக்கியத்தில் இருந்த காலத்தில் ஆசிரியர்கள் அதற்கு வைத்த பெயர் கோரிக்கை. தனியார் கல்லூரிகளில் நிர்வாகம் நினைத்தால் ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பலாம் என்றிருந்த நிலைக்கு 1976இல் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் கடிவாளம் போட்டது. நீக்குவதற்கு உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்றானது. மூட்டா, ஏயுடி போன்ற சங்கங்கள் அந்தக் கால ஆசிரியர்களிடையே என்னவாக இருந்தன என்பதை மூத்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 1987இல் ஊதிய விகிதத்துக்காக நாடு முழுதும் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நிதி நெருக்கடியைச் சொல்லிச் சம்பளத்தில் கைவைக்க முற்பட்டபோது ஆசிரியர்களும் ஊழியர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். 2013இல் அரசே சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொண்டது. பிறகு பலர் 'உபரி' என்று கணக்கிடப்பட்டு வேறு ஊர்க் கல்லூரிகளுக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதும் இதே வரலாற்றின் பகுதி. துறையை அலகாகக் கொண்டு இடஒதுக்கீட்டைச் சுருக்கிய ரோஸ்டர் முறை 2018இல் வந்தபோதும், எதிர்ப்புக்குப் பிறகு 2019இல் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்குச் சட்டத்தின் மூலமே அது சரிசெய்யப்பட்டது. இவற்றில் எதையும் 'அழுத்த மேலாண்மை' சாதிக்கவில்லை.

கோரிக்கைக்கு ஒரு முகவரி உண்டு. அதை வாங்கிக்கொள்ள ஒரு மேசை உண்டு. மறுத்தால் மறுத்தவர் யார் என்று தெரியும். அழுத்தத்துக்கு இவை எதுவும் இல்லை. அதை வைத்திருப்பவரேதான் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவேதான் ஆய்வுகளின் கடைசி அத்தியாயம் தவறாமல் யோகாவில் போய் முடிகிறது. தியானம், நேர மேலாண்மை, நேர்மறைச் சிந்தனை. எங்கள் கல்லூரியிலும் ஒரு சனிக்கிழமை பயிலரங்கம் நடந்தது. மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார்கள். பயிலரங்கத்துக்கு வராதவர்கள் விளக்கம் எழுதித்தர வேண்டியிருந்தது. ஹாதார்ன் தொழிற்சாலையின் ஆலோசகர்கள் குறைந்தபட்சம் காதாவது கொடுத்தார்கள்.

இனி, இந்த ஆய்வை எழுதுகிறவர் யார்? 2010இல் வந்த மானியக் குழு விதிகள் ஆசிரியரின் உழைப்பை மதிப்பெண்களாகப் பிரித்தன. கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை. 2018இல் அந்த முறை மாறியது. ஆனாலும் கட்டுரை எண்ணிக்கைக்கான ஓட்டம் நிற்கவில்லை. போலி ஆய்விதழ்களை வடிகட்ட அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட 'கேர்' பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். 'நாக்' குழு வந்தால் பிஎச்.டி. எத்தனை, கட்டுரை எத்தனை என்று எண்ணுகிறது. எண்ணிக்கை வேண்டும் என்றால் கைக்கு எட்டிய ஆய்வுப்பொருள் வேண்டும். ஆசிரியருக்குக் கைக்கு எட்டியவர் பக்கத்து ஆசிரியர்தான். மாவட்டப் பெயரை மாற்றினால் போதும், ஒரு புதுத் தலைப்பு. ஆசிரியர்களின் அழுத்தத்தைப் பற்றிய இந்த ஆய்வுகள் ஆசிரியர்களின் அழுத்தத்தாலேயே எழுதப்படுகின்றன.

சாயங்காலம் அந்தப் பெண் தாள்களை வாங்க வந்தார். பேருந்து பிடிக்கிற அவசரம். "நீங்களும் காலேஜ்ல வேல பாக்குறீங்களேம்மா, நீங்க ஒண்ணு ஃபில் பண்ணீங்களா?" என்று கேட்டேன். "நான் ரிசர்ச்சர் சார். நான் சாம்பிள்ல வரக்கூடாது" என்றார். பிறகு, "வந்தா உண்மைய எழுதிருவேன் சார்" என்று சொல்லிச் சிரித்தார். ஆறு மாதமாகப் பாதிச் சம்பளம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அது அவருடைய ஆய்வேட்டில் எந்த அட்டவணையிலும் வராது.

6

அவரைக் குறைசொல்லி இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு உரிமை கிடையாது. நான் நிரந்தரப் பணியில் இருப்பவன். மே மாதமும் எனக்குச் சம்பளம் வருகிறது. என் வகுப்புகளில் இரண்டை அந்த நண்பர் தலையில் கட்டிவிட்டுக் கருத்தரங்குக்குப் போயிருக்கிறேன். எங்கள் சங்கக் கூட்டங்களில் கௌரவ விரிவுரையாளர் பிரச்சினை கடைசித் தீர்மானமாகத்தான் வரும். அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். வினாப்பட்டியல் செய்யும் அதே சராசரியை நாமும் செய்திருக்கிறோம். நம் 5ஐக் காப்பாற்றிக்கொள்ள அவர்களுடைய 1ஐ மறந்திருக்கிறோம். நெருக்குகிறவர் யார் என்ற கேள்விக்கு நிர்வாகம், அரசு என்று மட்டும் பதில் சொல்லித் தப்பித்துவிட முடியாது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. கேள்விகளை நாமே எழுதுவது. கட்டங்கள் வேண்டாம், உடன்படுகிறேன் மறுக்கிறேன் வேண்டாம். கையெழுத்துப் போட்டது எவ்வளவு, கையில் கிடைத்தது எவ்வளவு? எத்தனை மாதம் கிடைக்கவில்லை? அசல் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது? யாருடைய வகுப்பைக் கூலியில்லாமல் எடுத்தீர்கள்? பேறுகால விடுப்புக் கேட்டபோது என்ன சொன்னார்கள்? சாதியைச் சொல்லி உங்களிடம் பேசியவர் யார்? இவற்றுக்கு வரும் பதில்களைக் கூட்டி வகுக்க முடியாது. தொகுத்து ஒரு மேசையின் மேல் வைக்க முடியும். தாள் துறைத்தலைவர் கை வழியாகப் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எழுதி முடித்ததும் நண்பரிடம் படித்துக் காட்டினேன். சம்பள எண்ணிக்கையில் ஒன்றைத் திருத்தினார். "போடுங்க சார். எம் பேர மட்டும் போட்டுறாதீங்க" என்றார்.